பாக்கியம் அறுக்காத காப்பு

வேலையை விட்டு வெகுகாலமான பிறகும் எனக்குக் கைப்பிரதிகள் வருகின்றன. பழைய பதிப்பாசிரியர், பார்த்துச் சொல்வார் என்று யாரோ முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். வருவதில் பாதிக்கு மேல் இளமைக்கால நினைவுகள். எல்லாவற்றிலும் ஒரு குழந்தை பசியோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அம்மா தன் சோற்றைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்கிறாள். சாமிக்கு இரண்டே வேலைதான். ஒன்று, கல்லாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் கண்ணைத் திறக்க வேண்டும். அந்தக் குழந்தைகள் யாரும் தப்பான நேரத்தில் சிரிப்பதில்லை. அம்மாவின் மேல் எரிந்து விழுவதில்லை. வறுமை அவர்களை ஒரு நிமிஷம்கூட விளையாட விடுவதில்லை. படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து இளைஞர் ஒருவர் போன் செய்தார். அவர்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் எடிட்டர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

"குறிப்பா சார், நீங்க எடிட் பண்ண அந்த நர்ஸம்மா புத்தகத்துல காப்பு அறுக்கற இடம். அந்த மாதிரி ஒரு உண்மையை ஆத்தர்கிட்டேருந்து எப்படி வெளிய கொண்டுவர்றதுன்னு நீங்க சொன்னா நல்லாருக்கும்" என்றார்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க வீட்டில் எல்லோர் மீதும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் மேல் தப்பில்லை. அவர் படித்ததை நம்பியிருக்கிறார். அந்த இடம் எப்படி வந்தது என்பதை வகுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம் பக்கம். தமிழில் எம்.ஏ. படித்தேன். கல்லூரி வேலைக்கு அலைந்து கிடைக்காமல், தஞ்சாவூரில் அச்சகத்தோடு சேர்ந்து நடந்த ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். சில வருஷங்கள் புரூப் பார்த்தே கழிந்தன. அப்புறம் கைப்பிரதிகளைச் செப்பனிடும் வேலையையும் என்னிடமே விட்டார்கள்.

முதலாளியை நாங்கள் ஐயா என்போம். இளம் வயதில் கட்சி மேடைகளில் பேசியவர். கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காகச் சிறுவயதில் அடி வாங்கியவர். அந்தக் கோபம் நியாயமான கோபம், அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தொண்டையும் கெட்டுவிட்டது. மேடையை விட்டுவிட்டு அச்சகம் வைத்தார். டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரே ஒரு நேரத்தில்தான் உயர்த்துவார்.

அது அவருடைய முறை. ஒரு கைப்பிரதி அச்சுக்கோக்கப் போவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அச்சுக்கோக்கும் அறையின் நடுவில் வந்து நிற்பார். மேல்துண்டைச் சரி செய்துகொள்வார். கெட்டுப்போன தொண்டையை வைத்துக்கொண்டு மேடையில் பேசுவதுபோல அந்தப் பக்கத்தைப் படிப்பார். அச்சுக்கோப்பவர்கள் நின்றபடி ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். படித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவருடைய கையாவது நின்றால் பக்கம் தேறியது. ஒரு கையும் நிற்காவிட்டால் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் "கைதட்டல்?" என்று எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். என்ன எழுத வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "அத நீங்க பாத்துக்குங்க" என்பார்.

நான் பார்த்துக்கொண்டேன். எந்த இடத்தில் எந்த வாக்கியத்தைப் போட்டால் கை நிற்கும் என்று சீக்கிரமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி வந்ததுதான் வசந்தாவின் கைப்பிரதி. அவர் மாயவரத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊரில், கூலி விவசாயிகளின் தெருவில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயது இருக்கும்போது அந்த ஊரில் அறுவடைக் கூலிக்காகப் பெரிய தகராறு நடந்திருக்கிறது. இவர்கள் கூடுதல் நெல் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் கைகலப்பு ஆகி, தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரையும் போலீஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வசந்தாவின் அப்பா அய்யாக்கண்ணு போனார். பக்கத்து வீட்டுக் கோவிந்தன் போனார். மாரியம்மன் கோயில் பூசாரியும் போனார்.

அந்தச் சமயத்தில் மாரியம்மனுக்குத் திருவிழா வந்தது. கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவது பூசாரியின் வேலை. பூசாரி ஜெயிலில் இருந்தார். பெண்கள் கூடிப் பேசி, ஒருவர் கையில் ஒருவர் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். வசந்தாவின் அம்மா பாக்கியத்துக்குப் பக்கத்து வீட்டு அஞ்சலை கட்டினார். அஞ்சலைக்குப் பாக்கியம் கட்டினார். ஆண்கள் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டுதல். அய்யாக்கண்ணு திரும்பி வந்தார். அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் ஜெயிலிலேயே காமாலை வந்து செத்துப்போனார். அதற்குப் பிறகும் அந்தத் தெருவில் பெண்கள்தான் ஒருவருக்கொருவர் காப்புக் கட்டிக்கொண்டார்கள். யாருக்கு யார் என்ற ஜோடியும் மாறவில்லை.

இவ்வளவையும் வசந்தா பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதியிருந்தார். அது நான் பார்த்த கைப்பிரதிகளிலேயே உயிருள்ளது. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. ஆண்கள் இல்லாத தெருவில் அதட்ட ஆள் இல்லாமல் பிள்ளைகள் போட்ட ஆட்டத்தை எழுதியிருந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் அவருக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் அதை வெட்டினேன். பசியில் இருக்கும் பிள்ளை விசில் அடித்தால் படிப்பவர்களுக்குப் பசி தெரியாமல் போய்விடும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன்.

அம்மாவையும் எனக்குப் பிடிபடவில்லை. காப்புக் கட்டிய அன்று பாக்கியம் அம்மனிடம், "ஏண்டி, எங்க வீட்டு ஆம்பளையெல்லாம் உள்ள கெடக்குறான், நீ மட்டும் எண்ணெ தேச்சு முழுவிட்டு ஜம்முனு நிக்கிறியா" என்று கேட்கிறார். கேட்ட வாயோடு மகளைக் கூப்பிட்டு, "வேப்பல வாடிருச்சு, வேற ஒடிச்சிக்கிட்டு வா" என்கிறார். இவர் பக்திக்காரரா, பக்தியை உதறியவரா? எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டாமா?

ஐயா அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் படித்தார். 'ஏண்டி' என்ற இடத்தில் ஓர் அச்சுக்கோப்பவர் சத்தமாகச் சிரித்தார். கை நிற்கவில்லை. சிரிப்பு ஐயாவின் கணக்கில் சேராது. "கைதட்டல்?" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் எழுதி முடித்துவிட்டேன். "அன்று ராத்திரி யாரும் இல்லாத கோயிலில், அம்மா கையிலிருந்த காப்பை அறுத்து அந்தக் கல்லின் முகத்தில் எறிந்தாள். உனக்குக் கை இருந்தால் என் புருஷனைக் கொண்டுவந்து விடு என்றாள். அன்றோடு எங்கள் வீட்டைவிட்டுச் சாமி போய்விட்டது."

ஐயா மறுபடியும் படித்தபோது அறையில் எல்லாக் கைகளும் நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது. என் அம்மா ஆயுள் முழுக்க வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவர். அவரைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத எனக்குக் கை வந்திருக்காது. அடுத்தவர் அம்மாவாக இருந்ததால் தயக்கமே வரவில்லை.

புரூப் பார்க்க வசந்தா நேரில் வந்தார். இரவு டியூட்டி முடித்து முதல் பஸ் பிடித்து வந்தவர். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இது நடக்கலயே."

"நடந்ததா இல்லையாங்கறது முக்கியமில்லம்மா. உங்க அம்மா மனசுல நடந்திருக்கும்."

"எங்க அம்மாவுக்கு மனசுல கூட வராது சார் இது. காப்பு கட்டிக்கிட்டு நடுவுல அத்துட்டா, சேந்து கட்டுனவங்க வீட்டுக்கு ஆகாது."

"நீங்க நர்ஸ். இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் எங்க சார் நம்புறேன். அம்மா நம்புறாங்க."

"உங்க அம்மா இந்தப் புத்தகத்தப் படிக்கப் போறாங்களா?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றார். முதல் புத்தகம். அச்சில் தன் பெயரைப் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசையை வைத்துத்தான் நான் பேசினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகம் நன்றாகப் போனது. நூலகங்களுக்கு எடுத்தார்கள். மேடைகளில் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொன்னார்கள். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், ஊர்க் கிளை நூலகத்துக்கு வந்த பிரதி ஒன்று அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது.

தங்கள் தெருவைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். படிக்கத் தெரிந்த ஒருவர் தினமும் சாயங்காலம் கோயில் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் போட்டுப் படித்தார். பாக்கியத்தை முன்னால் உட்கார வைத்தார்கள். நண்டு பிடித்தது, போலீஸ் வந்தது எல்லாம் கேட்டு ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொன்னார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது. படித்தவர் கவனிக்காமல் மேலே படித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதே பாக்கியத்துக்கு முதலில் புரியவில்லையாம். "எந்தப் பொம்பள அப்படிச் செஞ்சா?" என்று கேட்டாராம். அஞ்சலை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"அவ காப்ப அத்தா, என் புருஷன் போனான்." அஞ்சலை இதை ஒருதரம்தான் சொன்னாராம். அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வசந்தா போய், அது நான் எழுதினதில்லை என்று அழுதிருக்கிறார். "உன் பேருதான போட்டிருக்கு? ஆத்தாளக் காப்பாத்துறியாக்கும்" என்றார்கள். அடுத்த திருவிழாவில் பாக்கியம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அஞ்சலை கட்டவில்லை. மற்றவர்களுக்கு அவரவர் ஜோடி இருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

வசந்தா அச்சகத்துக்கு வந்து இதைச் சொன்னார். ஐயா முழுதும் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பிழைதிருத்தம் ஒட்டிடலாம்மா" என்றார்.

ஒட்டினோம். இப்படி எரிச்சலூட்டும் ஒரு சீட்டை என் கையாலேயே எழுதினேன்: 'அறுத்து எறிந்தாள் என்பதை அறுத்து எறியவில்லை என்று திருத்திப் படிக்கவும்.' மிச்சமிருந்த பிரதிகளில் ஒட்டி முடித்ததும் என் கடமை தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தத் தெருவில் இருந்த பிரதியில் ஒட்ட யாரும் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அவர் மறுபடியும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா வீட்டப் பூட்டிட்டு என்கூட குவார்ட்டர்ஸுக்கு வந்துட்டாங்க சார். பேச ஆளில்லாம சுவத்தப் பாத்து உக்காந்திருக்காங்க. இன்னும் ஒரு வாரத்துல காப்புக் கட்டு. நீங்க வந்து அவங்க முன்னாடி சொல்லணும், நீங்கதான் எழுதினீங்கன்னு."

"அந்த மனுஷன் செத்தது காமாலையிலம்மா. இந்த மூடநம்பிக்கைக்கு நான் வந்து என்ன செய்யமுடியும்?"

"காமாலைன்னு எனக்குத் தெரியாதா சார்? நான் அந்த வார்டுலதான் வேல பாக்குறேன்." அவர் குரல் உயரவே இல்லை. "எங்க அம்மா கையில ஒரு கயிறு கட்ட அந்தத் தெருவுல ஒரு ஆள் இல்ல. இந்த நெலமைக்கு அவங்களக் கொண்டாந்து விட்டது நம்பிக்கையா சார், நீங்களா?"

போனேன். வசந்தாவும் பாக்கியமும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். பாக்கியம் ஒல்லியாக, நேராக உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். என் சட்டை ஜன்னல் கம்பியில் படுவதைப் பார்த்து, "அழுக்காவுதுங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டேன். முதலில் நான் எழுதியதை ஒப்புக்கொள்வது. பிறகு காமாலை எப்படி வருகிறது, எதனால் சாகிறார்கள் என்று எளிமையாக விளக்குவது. அஞ்சலைக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கோயில் முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு தட்டில் மஞ்சள் கயிறுகள் இருந்தன. வசந்தா என்னை யார் என்று சொன்னார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த வரிகள் வசந்தா எழுதியவை இல்லை, பாக்கியம் செய்ததும் இல்லை, தஞ்சாவூரில் ஒரு மேஜையில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியவை என்றேன்.

"நீங்க அப்ப இங்க இருந்தீங்களா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"இல்லம்மா."

"இல்லாம எப்படி எழுதுனீங்க?"

பின்னால் நின்ற ஓர் ஆள், "பொஸ்தகத்துல கவர்மெண்டு சீலு குத்தியிருக்கு. பொய்யிக்கா சீலு குத்துவான்? பாவம், நர்ஸம்மா அழுவுதேன்னு வந்திருக்காரு" என்றார். சிலர் தலையை ஆட்டினார்கள். வாழ்நாள் முழுக்க அச்சில் வருவதை ஜனங்கள் நம்ப வேண்டும் என்று உழைத்தவன் நான். அவர்கள் நம்பியிருந்தார்கள். எதிரே நின்று பேசும் என்னைத்தான் நம்பவில்லை.

அஞ்சலை தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ அறுக்கலையா?"

"இல்லம்மா."

"அம்மன் முன்னாடி நின்னு சொல்றீங்க."

"அறுக்கலம்மா. நான்தான் எழுதினேன்."

அவர் நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு மனம் லேசானது. காமாலையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். என்னிடம் பேசுவதுபோல இல்லை, கயிற்றுத் தட்டைப் பார்த்துப் பேசினார்.

"காப்பு கட்டுன கையி ஊரெல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. நான் தங்குனேன். அந்த வருசம், கட்டுன மறாநாளு, புளிச்சோறு கட்டிக்கிட்டு ஜெயிலுக்குப் போனேன் அவரப் பாக்க. மனு எழுதிக் கொடு, நில்லு, ஒக்காருன்னு பொழுது போயிருச்சு. கடசி பஸ்ஸு போயிருச்சு. பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக் கெடந்துட்டு விடிஞ்சு வந்தேன். தங்கச்சி ஊட்டுல வயலு வேலைன்னு சொல்லிட்டேன். யார்ட்டயும் சொல்லல."

தட்டிலிருந்த கயிறுகளை விரலால் ஒதுக்கினார்.

"ஆசையாப் பாக்கப் போயி நாந்தான் அவரக் கொன்னுட்டேன்னு இத்தன வருசம் கெடந்தேன். உங்க பொஸ்தகத்தப் படிக்கக் கேட்ட அன்னைக்குத்தான் தூங்குனேன். நான் இல்ல, அவதான்னு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப வந்து இல்லங்குறீங்க."

தயார் செய்து வைத்திருந்த காமாலை விளக்கத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கேட்டிருப்பார். ஆனால் அந்த இடத்தில் என் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வருவதற்கு எனக்கே வெறுப்பாக இருந்தது.

பாக்கியம் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏண்டி, இத எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா எனக்குக் காப்பு கட்டியிருப்பியா?"

பாக்கியம் தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். "கையக் கொண்டா" என்றார். அஞ்சலை கையை நீட்டவில்லை. பாக்கியம் அந்தக் கையைத் தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

பிறகு தன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை கயிற்றை எடுத்தார். உடனே கட்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ எதாச்சும் செஞ்சியா அந்த வருசம்? செஞ்சிருந்தா இப்பயே சொல்லிரு."

பாக்கியம் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"ஒண்ணும் செய்யலயேடி" என்றார், ஏதாவது செய்து தொலைத்திருக்கக் கூடாதா என்பதுபோல.

அஞ்சலை கட்டினார்.